மார்ச் மாத பீரோக்கள்

புனேயில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவன் கொள்முதல் அதிகாரியாக உயர வேண்டுமானால் எழுத்துத் தேர்வு, அதன் பிறகு நேர்முகம். மூன்று வாய்ப்புதான். இரண்டு முறை எழுத்திலேயே போனேன். மூன்றாவது முறை நேர்முகம் வரை வந்துவிட்டேன். இதுவும் போனால் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. தொண்ணூறுகளின் கடைசி அது.

என்னோடு இன்னொரு தமிழனும் எழுதியிருந்தான். அவனுக்கும் வீடு என்னைப் போல புறநகர் சாங்வியில்தான். ஒரே பஸ், பக்கத்து மேஜை, வாடா போடா பழக்கம். நேர்முகத்துக்குப் போகும்போது பஸ்ஸில் அவன் ஒன்றுதான் சொன்னான்.

"புக்ல இருக்கிறத மட்டும் சொல்லு. இங்க நடக்கிறத உளறி வைக்காத."

உள்ளே மூன்று பேர். நடுவில் எங்கள் அலுவலகத்தின் தலைமை அதிகாரி. ஆண்டு முடிவில் ஒதுக்கிய நிதி மிஞ்சினால் என்ன செய்வாய் என்று இந்தியில் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். திருப்பி ஒப்படைக்க வேண்டும். பணத்தைத் தீர்ப்பதற்காகவே எதையும் வாங்கக் கூடாது.

ஆனால் கேட்டவர் யார்? முந்தைய மார்ச்சில் என் மேஜை முன் நின்று, நிதி திரும்பிப் போனால் அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள், எதையாவது வாங்கு என்று விரட்டியவர். விதிப்படி மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். போசரி தொழிற்பேட்டையின் பட்டறைக்காரன் ஒருவனே மூன்று கம்பெனிகளின் பெயரில் மூன்று கொட்டேஷன் கொண்டுவந்தான். மூன்றையும் அடித்தது ஒரே டைப்ரைட்டர். மூன்றிலும் அதே எழுத்து உடைந்திருந்தது. அப்படி வாங்கிய இரும்பு பீரோக்கள் யாருக்கும் வேண்டாமல் ஷெட்டில் கிடந்தன. கதவு மூடாத ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் புத்தகத்தை ஒப்பிக்க முடியவில்லை. பீரோ வாங்குவோம் என்றேன். மற்ற இருவருக்கும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. பேனாவை மூடிவிட்டு, போகலாம் என்றார்.

நண்பன் தேறினான். எனக்கு அதே நாற்காலிதான்.

அடுத்த மார்ச்சில் அவன் அதிகாரியாக என் மேஜைக்கு வந்தான். இப்போது நான்தான் அவனை சார் என்று கூப்பிட வேண்டும். நிதி மிஞ்சியிருக்கிறது, மாதம் முடிவதற்குள் தீர்க்க வேண்டும் என்றான்.

"திருப்பி ஒப்படைச்சிரலாமே சார். இன்டர்வியூல அப்படித்தான சொன்னீங்க?"

அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"சின்னப் புள்ள மாதிரி பேசாத. போசரிக்காரனுக்கு போன் போடு."

போட்டேன். மறுநாளே போசரிக்காரன் மூன்று கொட்டேஷனோடு வந்து நின்றான். இந்த முறை கம்ப்யூட்டரில் அடித்திருந்தான். பீரோக்களும் வந்தன. ஷெட்டில் இடமில்லை என்று என் மேஜைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார்கள். ஜன்னல் மறைந்துபோனது. ஓய்வு பெறும்வரை பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் வேலை பார்த்தேன்.