மாடி அறையில் நாலு நாள்

முப்பத்தோரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சம்பாதித்தவர் அவர். கண்டக்டர் வேலை. எதைக் கேட்டாலும் 'ரைட்டு' என்பதால் தெருவே அவரை ரைட்டு என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மகள் கல்யாணமாகிப் போன பின் பூட்டிக் கிடந்த மாடி அறையை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விட ஆரம்பித்தார்.

அறை கண்ணாடி மாதிரி இருக்கும். விரிப்பில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. தங்கியவர்களும் 'சுத்தமான இடம், நல்ல மனிதர்கள்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் ஏழு மாதத்தில் இரண்டாம் முறை வந்தவர் ஒருவர்கூட இல்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது.

"என்னதான் குறை வெச்சேன்?"

"மூஞ்சிக்கு நேரா யாரு சொல்லுவாங்க?" என்றாள் மனைவி, தையல் மிஷினிலிருந்து நிமிராமல். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் டெய்லர்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. மத்தியானம் வர வேண்டிய விருந்தாளி, ஒரு பெண்.

"அங்கிள், அப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. முட்டி ஆபரேஷன். நாலு நாள் கழிச்சு டாக்டர் பாத்துட்டுத்தான் ஊருக்கு அனுப்புவாராம். அதுவரைக்கும் படியே ஏறக்கூடாதாம். உங்க வீட்ல படி இல்லன்னு போட்டிருந்துச்சு, அந்தத் தைரியத்துலதான் எடுத்தேன்."

"ரைட்டும்மா, வாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இணைய விளம்பரத்துக்கான கேள்விகளை நிரப்பியது அவரேதான். 'படி உண்டா' என்ற கேள்வியை வாசற்படி என்று நினைத்து 'இல்லை' போட்டிருந்தார்.

"பதினேழு படி!" என்றார் மனைவியிடம். "வேற எங்கயாவது பாத்துக்கோங்கன்னு சொல்லிடவா?"

அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துப் போய்த் தங்கள் படுக்கையறைக் கதவை அளந்தாள்.

"வாக்கர் தாராளமா நுழையும். நம்ம ரூமக் குடுத்துடுவோம். நாம மாடிக்குப் போயிடலாம்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் இருவரும் பம்பரமாகச் சுழன்றார்கள். பீரோவிலிருந்த துணி மணியெல்லாம் மாடிக்குப் போனது. கட்டில் தாழ்வாக இருக்கிறது, உட்கார்ந்தால் எழ முடியாது என்று பக்கத்துத் தச்சரிடம் மரக்கட்டைகள் வாங்கி நாலு கால்களுக்கும் அடியில் முட்டுக் கொடுத்தார். தடுக்கிவிடும் என்று கால்மிதிகளைச் சுருட்டி வைத்தார். குளியலறைக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கூட வரும் அந்தப் பெண் படுக்க ஒரு மடக்குக் கட்டில். மனைவி மிச்சத் துணியில் ஒரு பை தைத்தாள், வாக்கரில் மாட்டிக்கொள்ள.

வந்த பெரியவர் ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எனக்காக உங்க ரூமக் காலி பண்ணிட்டீங்களா?"

"சேச்சே. இதுதாங்க வாடகை ரூமு."

"அப்போ சுவத்துல கல்யாண மாலையோட நிக்கிறது யாரு?"

ரைட்டு திரும்பிப் பார்த்தார். அவசரத்தில் போட்டோவைக் கழற்ற மறந்து போயிருந்தார்கள். பெரியவர் வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார்.

மறுநாள் காலை மாடியிலிருந்து இறங்கிய இருவருக்கும் முகம் வீங்கியிருந்தது.

"அந்தத் தண்ணித் தொட்டி ராத்திரி பூரா சொட்டுது" என்றாள் மனைவி. "லைட்ட அணைக்கக் கதவுகிட்டப் போகணும். இருட்டுல திரும்பி வந்து கட்டில்ல இடிச்சுக்கிட்டேன். ஆறு மணிக்கே வெயில் கண்ணுல குத்துது."

"ஈரத் துண்ட மாட்ட ஒரு ஆணி கூட இல்ல" என்றார் அவர். "ஏழு மாசமா அதுல விருந்தாளிங்களப் படுக்க வெச்சிருக்கோமே!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், குறை என்னவென்று தெரிந்ததே அவருக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அப்போது கீழ் அறைக் கதவு திறந்தது. அந்தப் பெண் மெதுவாக வெளியே வந்தாள்.

"இன்னும் தூங்குறாரு ஆன்ட்டி. ஆஸ்பத்திரில அஞ்சு நாளா கண்ணே மூடல. நானும் இன்னிக்குத்தான் தூங்கினேன்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. மனைவி அவளை உட்கார வைத்துக் காபி கொடுத்தாள்.

ரைட்டு அன்றே வேலையில் இறங்கினார். தொட்டியின் வால்வை மாற்றினார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கட்டிலருகே ஒரு ஸ்விட்சும் போன் சார்ஜ் போட ஒரு பிளக்கும் வைத்தார். கதவுக்குப் பின்னால் கொக்கிகள் அடித்தார். மனைவி ஜன்னலுக்குக் கனத்த துணியில் திரை தைத்தாள். அன்று செய்தது சரியா என்று ராத்திரி படுத்துப் பார்ப்பதும், காலையில் மிச்சத்தைச் சரிசெய்வதுமாக நாட்கள் போயின.

நாலாம் நாள் காலை டாக்டர் பார்த்துவிட்டு, தாராளமாக ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, பெரியவர் யாரையும் பிடிக்கவிடாமல் வாக்கரோடு கேட் வரை தானே நடந்தார்.

"அடுத்த செக்கப்புக்கும் இங்கதான்" என்றார். "இந்தக் கால் சரியாகட்டும், மாடியையும் ஒரு கை பாத்துடறேன்."

கார் தெருமுனை திரும்பும் வரை இருவரும் கேட்டில் நின்றார்கள். பிறகு மனைவி, விரிப்பு மாற்றிவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். ஒரு மணி நேரமாகியும் ஆளைக் காணோம். அவர் ஏறிப் போய் எட்டிப் பார்த்தார். திரையை இழுத்துவிட்டு, புது விரிப்பின் மேல் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, கீழே போய்த் தனக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டார்.