பௌர்ணமியன்று தண்ணீர் ஏறும் இடம்

எங்கள் ஊரில் எதையும் பௌர்ணமியை வைத்துத்தான் திட்டமிடுவோம். அன்று மலை சுற்ற வரும் கூட்டத்தால் பேருந்தில் இடம் இருக்காது, லாட்ஜில் அறை இருக்காது, தெருமுனைக்குப் போவதற்குக்கூட ஆட்டோ வராது. ஆகவே பெண் பார்க்க, பல் பிடுங்க, வீடு மாற்ற என எல்லாவற்றுக்கும் பௌர்ணமியைத் தவிர்த்தே நாள் பார்ப்போம். கூட்டம் வேண்டுமென்றால் மட்டும் பௌர்ணமியைத் தேடிப் போவோம். ஐம்பத்து மூன்று வருடங்களாக எனக்குப் பழகிய வழக்கம் இது. கடலோரத்தில் அந்த நாளுக்கு வேறு வேலை உண்டு என்பது தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரியும். என் டைரியில், என் கையெழுத்தில் இருக்கிறது.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நில வரைபடம் வரைவது என் வேலை. கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள் காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாதையோரக் குப்பையைப் பொறுக்குவோம். எத்தனை மூட்டை, எந்த இடம், எத்தனை மணி என்று குறித்து வைப்பது என் பொறுப்பு. ஒருமுறை, நாங்கள் பொறுக்காமல் விடுவது எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்தேன். ஓடை ஏரியில் விழுகிறது, ஏரி நிரம்பினால் துரிஞ்சலாறு, அது தென்பெண்ணையில் சேர்கிறது, தென்பெண்ணை கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கிறது. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் யார் யார் கையிலோ சுற்றி, ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது.

"மேப்பு போட்ட மேடமா? நீங்க கடைசியா ஒரு புள்ளி வெச்சிருக்கீங்க இல்ல, அதுலதான் நாங்க குடியிருக்கோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். முழங்கால் வரை சேறு அப்பிய ஒரு பெண் கரையில் நின்று வரவேற்றாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். முகத்துவாரத்துச் சேற்றில் கையை விட்டு நண்டு பிடிப்பது அவள் தொழில். "ஒங்க ஊரு செருப்பு, ஒங்க ஊரு பாட்டிலு, ஒங்க ஊரு பொங்கலு தட்டு எல்லாம் முன்னாடியே வந்துடுச்சு. ஆளு வர்றது இப்பதான்" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றே மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன்.

அவளும் இன்னும் பத்துப் பெண்களும் ஆற்றோரச் சேற்றுத் திட்டு ஒன்றில் கண்டல் செடி நட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீரிலும் வேர் பிடித்து நிற்கும் செடி அது. அதன் வேரடியில்தான் நண்டு பொந்து வைக்கும், இறால் குஞ்சு தங்கும். முன்பு அங்கே கண்டல் அடர்ந்திருந்ததாம். அது அழிந்த பிறகு நண்டும் குறைந்துபோய், பெண்கள் ஒவ்வொருவராகக் கம்பெனி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் மன்றாடி மூன்று வருடத்துக்கு அந்தத் திட்டை இவர்கள் வாங்கியிருந்தார்கள். அதற்குள் செடி நிலைத்தால் இடம் இவர்களுக்கு. நிலைக்காவிட்டால் படகு நிறுத்த ஊர் எடுத்துக்கொள்ளும். நான் போனபோது இரண்டு வருடம் முடிந்து, செடி என் இடுப்பு உயரம் இருந்தது.

"இன்னும் ஒரு வருசம் தாண்டிட்டா அதுங்களே அதுங்களப் பாத்துக்கும்" என்றாள்.

அதுவரை இவர்கள்தான் பார்க்க வேண்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் தண்ணீர் மற்ற நாளைவிட மேலே ஏறும். ஆற்றில் வரும் ஆகாயத்தாமரையும் குப்பையும் அந்தத் தண்ணீரோடு எழும்பித் திட்டின் மேல் வந்து நிற்கும். தண்ணீர் வடியும்போது மொத்தமும் செடிகளின் மேல் உட்கார்ந்துவிடும். ஈரப் பாய் போட்டு அமுக்கியது போல இளஞ்செடி முறிந்துவிடும். அதனால் அந்த இரண்டு நாட்களிலும், அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் பதினொரு பேரும் கழியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, மிதந்து வருவதை ஆற்றின் நடுவுக்குத் தள்ளிவிடுவார்கள். இரண்டு வருடமாக ஒரு முறைகூடத் தவறவில்லை.

இவ்வளவையும் அன்று இரவே எழுதி வைத்தேன். எழுதியவள்தான் புரட்டாசியில் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஐப்பசிப் பௌர்ணமிக்கு எல்லாரும் கிளம்பி வாங்க. செடி, நண்டு, போட்டோ எல்லாம் எடுத்துட்டு வாங்க. மலை சுத்தறவங்க கண்ணால பாக்கட்டும்."

"பௌர்ணமிக்கா? அன்னிக்குத் தண்ணி ஏறுமேக்கா. ஆளு வேணும்."

"வேற நாள்ல வந்தா யார் இருப்பாங்க? டீக்கடைக்காரர் மட்டும்தான் இருப்பார்."

சிரித்தாள். பிறகு, "நானும் மலை சுத்தணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டுதான் இருக்கேன். நம்ம பொண்ணுங்ககிட்ட சொன்னா சந்தோசத்துல குதிக்கும். ரெண்டு பேர நிறுத்திட்டு வரேன், ஒரு பௌர்ணமிதானே" என்றாள்.

அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'ஐப்பசிப் பௌர்ணமி உறுதி. ஒன்பது பேர் வருகிறார்கள். தண்ணீர் ஏறும் நாள் என்கிறார், இருவர் காவலுக்கு.'

பௌர்ணமியன்று அதிகாலையில் பேருந்து ஏறி, பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். செங்கம் சாலையில் ஒரு காபிக் கடை வாசலில் மேசை போட்டோம். என் படத்தைப் பெரிதாக்கி மாட்டினேன். வாளியில் கண்டல் கன்று, இன்னொரு வாளியில் நாலு நண்டு. கிரிவலம் வந்த ஓர் அம்மாள் நின்று முகத்தைச் சுளித்தார்.

"சாமி மலை சுத்தற எடத்துல நண்டு விக்கறீங்களே, இது நல்லா இருக்கா?"

"விக்கலைங்க. உசுரோடதான் இருக்கு. அதுவும் கும்புட்டுப் போலாம்னு வந்திருக்கு" என்றாள் அவள். அந்த அம்மாளே சிரித்துவிட்டார். கையிலிருந்த பாட்டிலை எங்கே போடுவது என்று அவரே கேட்டார். அப்படி நின்று கேட்டவர்கள் அன்று ஏராளம். மாலையில் பெண்கள் வெறுங்காலோடு மலை சுற்றப் போனார்கள். திரும்பி வந்து என் வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் படுத்து, காலை நீட்டிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேலி பேசிச் சிரித்தார்கள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

மறுநாள் விடியற்காலையில் பேருந்து ஏறிப் போனார்கள். மதியம் நான் அலுவலகத்தில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, போச்சுக்கா."

"என்ன போச்சு?"

"தாமரை வந்து மொத்தமா ஒக்காந்துடுச்சு. எப்பவும் வர்றத விட ரொம்ப ஜாஸ்தி. எங்க ஓரகத்தியும் நாத்தனாரும் ரெண்டு பேரா என்னா பண்ணுவாங்க, பாவம். தண்ணி வடிஞ்சப்புறம் போய்ப் பாக்கறோம், செடியே தெரியல."

வீட்டுக்கு வந்து டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் அளவு எடுப்பேன். பௌர்ணமிக்கு முந்தைய வாரம் மூன்று நாள் தொடர்ந்து மழை. மூன்றாம் நாள் பக்கத்தில், 'ஏரி நிரம்பிக் கோடி போகிறது. ஆகாயத்தாமரை முழுக்க அடித்துக்கொண்டு போய்விட்டது. நல்லது, ஏரி சுத்தமாயிற்று' என்று எழுதியிருந்தேன்.

அது எங்கே போகும் என்று வரைந்தவளும் நான்தான். அந்த மாதிரி ஒரு வாரத்தில் பதினொரு பேரே போதாது என்று போன் செய்து தடுத்திருக்க வேண்டியவள், ஒன்பது பேருக்குப் பாயும் தலையணையும் இரவல் வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லாத் தகவலும் சரியாக, அந்தந்தப் பக்கத்தில் இருந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கார்த்திகை முதல் வாரம் அவர்கள் ஊர்க் கூட்டம். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வலை பின்னும் கொட்டகையில் ஆண்கள் நாற்காலியிலும் பெண்கள் தரையிலும் இருந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர்த் தலைவர் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"யாரையும் குத்தம் சொல்லலம்மா. மழ, வெள்ளம், நம்ம கையில இல்ல. ஆனா செடி நிக்கல. படகு நிறுத்த எடம் இல்லாம அவனவன் திண்டாடறான். வர்ற வெள்ளிக்கிழமைலேர்ந்து திட்டுல படகு ஏத்திக்கலாம்னு முடிவு."

நான் எழுந்தேன். இவர்கள் காவலை விட்டுப் போனது என் பேச்சைக் கேட்டுத்தான், இன்னும் ஒரு வருடம் கொடுங்கள் என்று சொல்ல வந்தேன். "ஐயா" என்று ஆரம்பிப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காருக்கா."

"நான் சொன்னாதானே..."

"நீ சொன்னா, வெளியூர்க்காரி பேச்சக் கேட்டு செடிய வுட்டுட்டுப் போனாளுங்கன்னு ஆயிடும். நாளைக்கு நான் வேற எடம் கேக்க இங்கதான் வந்து நிக்கணும். உக்காரு."

உட்கார்ந்தேன். என் குற்றத்தை ஒப்புக்கொண்டு இறக்கி வைக்கும் வசதிகூட அவளைத்தான் பாதிக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. திட்டுக்குக் கூட்டிப் போனாள். காய்ந்து கறுத்த தாமரைக்கு நடுவே அங்கங்கே சில செடிகள் நிமிர்ந்து நின்றன. எண்ணினேன். முப்பத்தொன்று. இவற்றையாவது வேரோடு எடுத்து வேறிடத்தில் நடலாமா என்று கேட்டேன்.

"வேரு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சுக்கா. இப்ப எடுத்தா செத்துடும்." குனிந்து ஒரு செடியில் சுற்றியிருந்த தாமரை வேரை உருவி எறிந்தாள். "இருக்கட்டும். வெள்ளிக்கிழம வரைக்கும் நல்லா இருக்கட்டும்."

அடுத்த செடிக்குப் போனாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.