உப்புக் கிணற்று வீடு

ரோசம்மாள் அந்த வீட்டை முதலில் பார்த்தது 1973 கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எளாவூர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தண்டவாளத்தைத் தாண்டி அரை மைல் நடந்தால் ஒரு தெரு. அதில் கடைசி வீடு. இரண்டு அறை, சீமை ஓடு, பின்பக்கம் ஒரு கிணறு. வாசலில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்ததால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனாள். வீட்டுக்காரர் சுப்பராயன், அவள் கணவன் ஜெயராஜ் வேலை செய்யும் இரும்புக்கம்பி கம்பெனியில் மேஸ்திரி. அவரே கிணற்றடிக்கு அழைத்துப் போய் ஒரு வாளி இறைத்து, சொம்பில் மொண்டு நீட்டினார்.

"குடிச்சிப் பாரும்மா. அப்பறம் ஊட்டப் பத்திப் பேசலாம்."

குடித்தாள். இளநீர் மாதிரி இருந்தது. செவ்வாப்பேட்டையில் அவர்கள் இருந்த ஒண்டுக் குடித்தனத்தில் ஆறு குடும்பத்துக்கு ஒரு அடிபம்பு. விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும், பேச்சும் வாங்க வேண்டும். ஒரு கிணறு முழுக்கத் தனக்கு என்பது அவளுக்கு நம்பவே முடியாத விஷயமாக இருந்தது.

அப்போது அவளுக்கு இருபத்திமூன்று வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். செவ்வாப்பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஜெயராஜ் முன்பு ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தான். அதை மூடியபிறகு கும்மிடிப்பூண்டி ரோட்டில் புதிதாக வந்த கம்பெனியில் சேர்ந்தான். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தவிர அவன் முகத்தை அவள் வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

வீடு வாங்க வேண்டும் என்பதில் அவளைவிட அவன்தான் குறியாக இருந்தான். அவன் அப்பா பொன்னேரிப் பக்கத்தில் ஒருவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அவர்கள் குடிசை அந்த நிலக்காரரின் தோப்பில் இருந்தது. ஒரு அறுப்பில் கூலி நெல்லை அளந்து போடும்படி அப்பா கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டார். அன்று மத்தியானமே நிலக்காரரின் ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துப் போட்டார்கள். ஒன்பது வயது ஜெயராஜ் பானை சட்டிகளுக்குக் காவலாக ரோட்டோரம் உட்கார்ந்திருந்தான். இதை அவன் அவளிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான். அதற்கப்புறம் 'சொந்த ஊடு' என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவள் மறுபேச்சு பேசுவதில்லை.

தை மாதம் வீடு ரிஜிஸ்டர் ஆனது. அவள் கழுத்துச் சங்கிலியும் தபால் ஆபீஸ் சேமிப்பும் அதற்குப் போயின. பள்ளிக்கூடம் ஏப்ரல் கடைசியில்தான் மூடும், அதனால் மே மாதம் குடி போகலாம் என்று முடிவாயிற்று. சுப்பராயன் மாசியிலேயே காலி செய்துகொண்டு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார். தலைமை ஆசிரியை கன்னியாஸ்திரீ அவளிடம், "நல்லா யோசிச்சியாம்மா? இந்த வேலை மறுபடி கிடைக்காது" என்றார். ரோசம்மாள் சிரித்துக்கொண்டே ராஜினாமா கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

கத்தரி வெயில் தொடங்கிய இரண்டாம் நாள், செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி ஒன்றில் சாமான்களை ஏற்றி வந்தார்கள். லாரியின் தகரம் தொட்ட இடமெல்லாம் சுட்டது. தையல் மிஷின் ஆடாமல் இருக்க அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள் ரோசம்மாள். வீட்டை மந்திரிக்கப் பங்குச் சாமியாரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, பாயில் உட்கார்ந்தார். ஜெயராஜ் இறைத்து வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரில் ரோசம்மாள் தன் சொந்த அடுப்பில் முதல் டீயைப் போட்டு எடுத்து வந்தாள்.

சாமியார் ஒரு வாய் குடித்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சக்கரைன்னு நினைச்சு உப்பப் போட்டுட்டியா?"

அவள் சமையலறைக்கு ஓடி மிச்ச டீயை நக்கிப் பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போனாள். கார்த்திகையில் கை எட்டும் அளவுக்கு இருந்த தண்ணீர் எங்கோ அடியில் பச்சையாகக் கிடந்தது. வாளியை விட்டு இறைத்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். துப்பினாள்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மா வேலிக்கு அந்தப்புறம் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி, அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள்.

"இன்னாம்மே பாக்கற? பங்குனி பொறந்தா இந்தத் தெருவுல எல்லாக் கெணறும் இப்டித்தான். அந்தாண்ட உப்பு ஏரி இல்ல? அது உள்ள வந்துரும். ஐப்பசி மழ வுழுந்தாத்தான் தித்திப்பு."

"குடிக்கறதுக்கு?"

"ரயில் லைனைத் தாண்டி செக்போஸ்ட்டாண்ட ஒரு பம்பு கீது. லாரிக்காரனுங்க குளிச்சிக்கினு இருப்பானுங்க. அவனுங்க போனப்பறம் புடிச்சிக்கினு வரணும்."

"அன்னிக்கு நாங்க ஊடு பாக்க வந்தப்ப நீங்களும் இங்கதான நின்னுக்கினு இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லலியேக்கா?"

கங்கம்மா சாணிக் கையைத் தட்டிக்கொண்டாள். "ஒருத்தரு ஊடு விக்கறப்ப குறுக்க பூந்து சொன்னா நல்லாவா கீது? நாளைக்கு நானும் விக்கணுமில்ல?"

மறுநாள் ஜெயராஜ் கம்பெனியில் சுப்பராயனைக் கேட்டான். எப்படிக் கேட்டான் என்று ரோசம்மாளுக்குத் தெரியாது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு எழுத வேண்டியவர் சுப்பராயன்தான். அவர் சொன்ன பதிலை மட்டும் அவன் வந்து சொன்னான்: "தண்ணி காட்டினேன், குடிச்சீங்க, நல்லாக்கீதுன்னு சொன்னீங்க. சித்திரையில எப்டி இருக்கும்னு நீ கேட்டியா?"

அந்தக் கோடையில் ரோசம்மாள் பலவற்றைக் கற்றுக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. துணி காய்ந்தால் விறைத்து நிற்கும். காலையில் இரண்டு நடை, மாலையில் ஒரு நடை, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தாள். கேட் சாத்தியிருந்தால் சரக்கு வண்டி போகும்வரை வெயிலில் நிற்க வேண்டும். செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளின் கிளீனர்கள் பாட்டுப் பாடிக் காட்டுவார்கள். ஜூன் மாதம் வெட்கத்தை விட்டுப் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினாள். அந்த இடத்தில் ஆள் போட்டாகிவிட்டது, ஆண்டவர் உன்னைக் காப்பார் என்று பதில் வந்தது.

ஜெயராஜும் சும்மா இருக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்ததும் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு போவான். "இன்னும் ஒரே ஒரு வருசம், ரோசா" என்பான். அந்த நாட்களில் அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். பின்னாளில் அவளுக்கு அந்த முதல் கோடையே நல்ல காலமாகத் தோன்றியது.

ஐப்பசியில் மழை கொட்டியது. பத்து நாளில் கிணறு மேலேறி, தண்ணீர் தித்தித்தது. ரோசம்மாளுக்கு அப்போது நாலாம் மாதம். பங்குனிக் கடைசியில் குழந்தை பிறக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஜெயராஜ் அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னான்.

"கைக்கொழந்தய வெச்சிக்கினு நீ லைனத் தாண்டி நடக்க முடியாது. இப்பவே வித்துரலாம். எங்க கம்பெனி எலக்ட்ரீஷியன் குப்புராஜ் ஊடு தேடிக்கினு இருக்கான்."

"அவங்க கிட்ட சொல்லணுமில்ல?"

"இன்னாத்த சொல்றது?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"நீ பொய் சொல்ல வேணாம் ரோசா. பொய் சொல்லுன்னு நான் சொல்லவே மாட்டேன். வாயத் தொறக்காம இரு, அது போதும்."

குப்புராஜ் மனைவியை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி பெயர் செண்பகம். பத்தொன்பது வயது இருக்கும். வீடு முழுக்கச் சுற்றி வந்து, எந்த மூலையில் எதை வைக்கலாம் என்று கணவன் காதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கிணற்றுத் தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவிக்கொண்டு, "அக்கா, ஜில்லுனு கீதுக்கா!" என்றாள். ரோசம்மாள் தலையை ஆட்டினாள். வேலிக்கு அந்தப்புறம் கங்கம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு அட்வான்ஸ் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் முழுதும் ரோசம்மாள் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவ்வளவு கடினமாக இல்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வயிற்றில் குழந்தை இருக்கிறது, வேறு வழி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செவ்வாப்பேட்டையிலேயே மறுபடி வாடகைக்கு இடம் பார்க்கலாம் என்று மனக்கணக்குப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு குப்புராஜ் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்தான். ஆண்கள் இருவரும் முன்னறையில் பாயில் உட்கார்ந்தார்கள். செண்பகம் கதவோரம் நின்று, ஏதோ பேச வேண்டும் என்பதற்காகப் பேசினாள்.

"நான் திருவள்ளூர்ல ஆஸ்பத்திரில ஆயா வேல பாக்கறேன்க்கா. இங்கேர்ந்து தெனம் போய் வர முடியாதில்ல? நாளைக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துரப் போறேன். போனா போவுது, சொந்த ஊடாச்சே."

ரோசம்மாளின் கையில் எல்லோருக்குமான டீ டம்ளர்கள் இருந்தன. அவற்றைத் தரையில் வைத்தாள்.

"வேலைய வுட்டுராத" என்றாள். "இந்தத் தண்ணி பங்குனியில உப்பாயிரும். ஆறு மாசம் வாயில வெக்க முடியாது. செக்போஸ்ட்டுலேர்ந்து செமந்துக்கினு வரணும்."

குப்புராஜ் முதலில் சிரித்தான். ஜெயராஜ் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பழத்தையும் வெற்றிலையையும் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு எழுந்தான். "இன்னா ஜெயராஜு, ஒரே கேன்டீன்ல சாப்புடறோம்" என்று மட்டும் சொன்னான்.

செண்பகம் நன்றி சொல்வாள் என்று ரோசம்மாள் எதிர்பார்த்தாளோ என்னவோ. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபம்.

"போன வாரமே சொல்றதுக்கு இன்னாக்கா? என் தாலி செயின வித்துட்டு வந்து நிக்கிறேன்."

ஜெயராஜ் ரோசம்மாளை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

"எங்கப்பனுக்கு ஊடில்ல. எனக்கு ஊடு கீது, தண்ணியில்ல. நான் தப்பிச்சிருப்பேன். உன்னியும் தப்பிக்க வெச்சிருப்பேன். நீ நல்லவளா இருந்துக்கோ."

ஒரே வாரத்தில் கம்பெனி முழுக்கச் செய்தி பரவியது. வீட்டை வாங்க யாரும் வரவில்லை. கேன்டீனில் அவன் தட்டெடுத்து வந்தால், "உப்பு ஊட்டுக்காரருக்கு கொழம்பு ஊத்துப்பா, உப்பு போடாத" என்று எவனாவது சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். சுப்பராயனும் சிரித்தார். ஏமாற்றி விற்று முடித்தவர் மேஸ்திரியாகவே இருந்தார். விற்க முடியாமல் போனவன் மீதுதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. அதே வாரம் கிணறு உப்பாயிற்று. குழந்தையைக் கங்கம்மாவிடம் விட்டுவிட்டு ரோசம்மாள் குடம் எடுத்தாள். ஜெயராஜ் சைக்கிளில் குடம் கட்டுவதை விட்டுவிட்டான். டபுள் ஷிப்டு பார்த்தான். வாரத்தில் நாலு நாள் கம்பெனி ஷெட்டிலேயே படுத்துக்கொண்டான். வீட்டுக்கு வரும் நாளில் கேன்டீன் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து அதைத்தான் குடிப்பான். அவள் ஒரு மைலுக்கு மேல் நடந்து சுமந்து வந்த தண்ணீர் பக்கத்திலேயே மூடி வைத்திருக்கும். ஒரு நாள் அவள் கேட்டேவிட்டாள்.

"இதுல உப்பு இல்லங்க. செக்போஸ்ட்டு தண்ணிதான்."

"எனக்கு இது போதும்" என்றான்.

அவள் தையல் மிஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். செக்போஸ்ட் சிப்பந்திகளின் மனைவிகளுக்கு ஜாக்கெட் தைத்தாள். சந்தையில் ஒருமுறை செண்பகத்தைப் பார்த்தாள். கும்மிடிப்பூண்டி டவுனிலேயே வீடு வாங்கிவிட்டார்களாம், யாரோ சொன்னார்கள். செண்பகம் கண்டும் காணாமல் கீரைக்காரியிடம் குனிந்துகொண்டாள்.

1979 தொடக்கத்தில் பஞ்சாயத்துக் குழாய் அந்தத் தெருவுக்கு வந்தது. சுற்று வட்டாரத்தில் புதிதாகக் கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சு அடிபட்டது. அந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் ஒருவர் வீடு கேட்டு வந்தார். பெயர் துளசிராமன், வயது நாற்பது இருக்கும், விவரமான மனுஷன். குழாயைத் திறந்து பார்த்தார், கிணற்றைப் பற்றி அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். இவர்கள் கனவிலும் நினைக்காத விலையைச் சொன்னார். ஜெயராஜ் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டுச் சமையலறைக்கு வந்தான். நாலரை வருஷத்தில் அவளைத் தேடி அவன் சமையலறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆள் வந்திருக்காரு. இப்ப இன்னா சொல்லப்போற?"

"நான் இன்னா சொல்றது? எல்லாத்தையும் அவரே கேட்டுத் தெரிஞ்சிக்கினாரு. நல்ல வெல. குடுத்துரலாங்க. கொழந்தய நல்ல பள்ளிக்கூடத்துல சேக்கலாம்" என்றாள். அவள் குரலில் ஆசை தெரிந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஜெயராஜ் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தான்.

"விக்கல" என்றான். "எனக்கு வேணுங்கறப்ப நீ விக்க வுடல. இப்ப உனக்கு வேணும். இங்கியே கெட."

சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டான். வாசலில் துளசிராமன் காத்திருந்தார். ரோசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"விக்கறதா இல்லைங்க" என்றாள்.

"ஏம்மா, வெல பத்தலியா?"

"அதெல்லாம் இல்லைங்க. அவருக்கு இந்த ஊடுன்னா உசுரு" என்றாள் ரோசம்மாள்.