பாதாம்பருப்பளவு பயம்

தண்ணீர் நிறையக் குடித்தால் ரத்தத்திலிருக்கும் சர்க்கரை கரைந்து வெளியே போய்விடும் என்று நான் நம்பினேன். ஐந்து வயதில் இல்லை, நாற்பத்தேழு வயதில். அப்போது சிங்கப்பூரில் கிளமெண்டியில் வீடு, அலுவலகத்தில் தனி மேசை, தலையில் பாதி முடி எல்லாம் இருந்தன. அறிவு மட்டும் லீவில் போயிருந்தது.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்த வாரம் அது. அடுத்தது நான்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட நண்பனிடம் போய்ப் புலம்பினேன். அவனுக்கு ஃபேரர் பார்க் பக்கம் துணிக்கடை. மருத்துவம் தெரியாது. ஆனால் கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கமும் கிடையாது.

"தண்ணிய குடிச்சுக்கிட்டே இரு மச்சான். எல்லாம் கழுவிட்டுப் போயிடும் லா."

"எவ்வளவு குடிக்கணும்?"

"முடியுற வரைக்கும் குடி. தண்ணிதானே, என்ன செஞ்சிடப் போகுது?"

ஒன்றரை லிட்டர் பாட்டிலில் ஒரு நாளைக்கு ஐந்து என்று ஆரம்பித்தேன். குடித்தது வெளியே வரத்தானே செய்யும்? வந்தது, அரை மணிக்கு ஒரு தரம். அடிக்கடி சிறுநீர் போவது சர்க்கரையின் அறிகுறி என்று எங்கோ படித்திருந்தேன். பயந்துபோய் இன்னொரு பாட்டிலைச் சேர்த்துக்கொண்டேன்.

எம்ஆர்டி ரயிலில் தண்ணீர் குடித்தால் அபராதம். அதனால் வேலைக்குப் போகும் வழியில் பாதியிலேயே இறங்கி, பயண அட்டையைத் தட்டி வெளியே வந்து, குடித்துவிட்டு, கழிவறைக்கும் போய்விட்டு, மறுபடி அட்டையைத் தட்டி உள்ளே போவேன். அந்த நிலையத்து ஊழியர் ஒருவர், நான் வாயைத் திறக்கும் முன்பே கழிவறைப் பக்கம் கையைக் காட்டுவார்.

"என்னங்க, நம்ம வீட்டுல ரெண்டு டாய்லெட் இருக்கு. எப்பப் பார்த்தாலும் ரெண்டுலயும் நீங்கதான் இருக்கீங்க. டாக்டரைப் பாருங்க," என்றாள் மனைவி.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாக இருந்தது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். "அப்புறம் ஏன் டாக்டர் இவ்வளவு தாகம்?" என்று கேட்டேன். துணிக்கடை வைத்தியத்தைச் சொல்ல வெட்கம். எவ்வளவு குடிக்கிறேன் என்று அவர் கேட்டதற்கும் பாதியைத்தான் சொன்னேன். அவர் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்தவர் தமிழ் பேசும் இளம் டாக்டரம்மா. மூளையின் அடியில், பாதாம்பருப்பு அளவில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறதாம். ரத்தம் கெட்டியாகிறதா, நீர்த்துப்போகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கெட்டியானால் நமக்குத் தாகத்தை உண்டாக்கும். கூடவே ஒரு ஹார்மோனைச் செய்து, அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக அனுப்பி, தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும். அந்த ஹார்மோன் வராவிட்டால், எவ்வளவு குடித்தாலும் ஓடிவிடும்.

"ஏன் டாக்டர் வராமப் போகும்?"

"சில பேருக்குக் காரணமே தெரியாது சார். சில பேருக்கு அந்த இடத்துல கட்டி இருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம், இப்பவே பயப்பட வேணாம்."

'கட்டி' மட்டும் காதில் விழுந்தது. பசி, தூக்கம், வேர்வை, உடல் சூடு எல்லாவற்றையும் அதே பாதாம்பருப்புதான் கவனிக்கிறது என்று அன்று மாலையே படித்துவிட்டேன். மதியம் பசித்ததே? மீட்டிங்கில் தூக்கம் வந்ததே? சிங்கப்பூர் வெயிலில் வேர்த்ததே? எல்லாம் சேர்ந்துதான் வந்திருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டு, நான் இல்லாத காலத்தில் சலவை இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"இருபது வருஷமா அதை ஓட்டுறது நான்," என்றாள். "இதுல ஸ்டார்ட் பட்டன் எது, சொல்லுங்க பார்ப்போம்."

எனக்குத் தெரியவில்லை.

பரிசோதனை காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. சொட்டுத் தண்ணீர் கூடாது. மணிக்கொரு தரம் எடை பார்ப்பார்கள், சிறுநீரை அளப்பார்கள், இடையிடையே ரத்தம் எடுப்பார்கள். கழிவறைக் கதவு வரை தாதி கூடவே வந்தார். "அங்கிள், குழாயைத் திறந்தா வெளியில சத்தம் கேட்கும். சும்மா சொல்லி வைக்கிறேன்."

முதல் மூன்று மணி நேரம் பயத்திலேயே போனது. நான்காவது மணியில் தாகம் வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. அப்போதுதான் உறைத்தது: இத்தனை மாதமாக எனக்குத் தாகமே எடுத்ததில்லை. எடுக்க நான் விட்டதில்லை.

கடைசியாக இப்படித் தாகம் எடுத்தது எப்போது என்று யோசித்தேன். ஃபேரர் பார்க் திடல். எனக்கும் அந்தத் துணிக்கடைக்காரனுக்கும் பதினான்கு வயது. பள்ளி முடிந்து, இருட்டும் வரை பந்து உதைப்போம். சட்டையில் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருக்கும். பிறகு கரும்புச்சாறு வாங்குவோம். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ராஃபியா கயிற்றால் கட்டி, விரலில் மாட்டிக்கொள்ளும்படி தருவார்கள். ஒரு பை, இரண்டு ஸ்ட்ரா. அவன் பேசுகிற நேரம் பார்த்து நான் உறிஞ்சுவேன். அவனைப் பேச வைக்கவே கேள்வி கேட்பேன். முதல் வாய் நெஞ்சு வழியாகக் குளிர்ந்து இறங்குவது தெரியும். நெற்றி வலிக்கும். அப்படியே புல்லில் மல்லாந்து படுப்போம். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அது பாட்டுக்குக் கேட்டது, நாங்கள் கொடுத்தோம்.

பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலையில் வாங்கிய கோப்பி, பையிலேயே ஆறிப்போய்க் கிடந்தது. தாதி அதைக் கவனித்துவிட்டார்.

"ஆன்ட்டி, டெஸ்ட் அங்கிளுக்குத்தான். நீங்க குடிக்கலாம்."

"தெரியும்மா. இருக்கட்டும்."

கேலியாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். வாய் உலர்ந்து கிடந்ததால் வரவில்லை என்றுதான் இன்றுவரை அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மதியம் ஒன்றரைக்கு டாக்டரம்மா தாள்களோடு வந்தார். மனைவி எழுந்து நின்றுவிட்டாள். மணிக்கு மணி என் சிறுநீர் குறைந்து, கெட்டியாகிக்கொண்டே போயிருந்தது. ஹார்மோன் வருகிறது, சிறுநீரகம் அதைக் கேட்டு நடக்கிறது, ஸ்கேன் தேவையில்லை என்றார்.

"உண்மையில ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க சார்?"

ஒன்பது லிட்டர் என்றேன். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. கோப்பியைப் பிரித்துக் குடித்தாள். தாகம் எடுத்தால் மட்டும் குடியுங்கள், இவ்வளவு குடிப்பது ரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தாகிவிடும் என்று டாக்டரம்மா கண்டித்து அனுப்பினார்.

எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. ஹார்மோனிலும் குறை இல்லை. நான்கு மாதமாகத் தேவைக்கு மேல் தண்ணீர் குடித்தேன். மிச்சத்தை உடம்பு வெளியே அனுப்பியது.