வேடந்தாங்கலில் அண்ணன் வைத்த வெடி

இன்று வேடந்தாங்கலில் சக்கர நாற்காலியோடு சாய்தளத்தில் ஏறிப் பறவை பார்த்தேன். நான் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள்.

எழுபதுகளில் வந்தபோது பறவை பார்க்கும் கோபுரத்துக்குப் படி மட்டும்தான். எனக்கோ அப்போதே இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

“நீ இன்னாத்துக்கு ஏறணும்? பட்சிய நான் எழுப்பி வுடுறேன்” என்று அண்ணன் மடியிலிருந்த திருவிழா வெடியைக் கொளுத்தினான்.

நாங்கள் திருவிடந்தைக் கடற்கரை ஆட்கள். பறவைகள் மிரளும் என்று இந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடிப்பதில்லை என்று எங்களுக்குத் தெரியாது.

பறவைகள் மொத்தமாக எழும்பி வானம் வெள்ளையானது. வயலிலிருந்து ஐந்தாறு பேர் தடியோடு ஓடி வந்தார்கள். முதல் அடியில் அண்ணனின் முன்பல் தெறித்தது. அடுத்ததில் மண்டை பிளந்தது. விழுந்தவனை மிதித்தார்கள். அண்ணன் என்னைத் தள்ளி வந்த வண்டியிலிருந்து நான் உருண்டு அவன்மேல் படுத்தேன். என் முதுகிலும் இரண்டு அடி இறங்கின.

“ஏற முடியாத எனக்குக் காட்டத்தான்யா வெடிச்சான்.”

தடிகள் நின்றன. மிதித்தவனே, “முன்னாடியே சொல்றதுக்கு இன்னா, நைனா?” என்று என்னை முதுகில் சுமந்து கோபுரம் ஏறினான்.

கீழிருந்து ரத்தம் துப்பிக்கொண்டே அண்ணன் கேட்டான்: “எத்தினிடா கீது?”

மரங்களில் ஒரு பறவைகூட இல்லை.

“ஆயிரம் கீதுண்ணா” என்றேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?