வழக்கு நிலத்துத் தண்ணீர்

காத்தாயிக்குப் போலீஸைக் கண்டு பயமில்லை. பண்ணை ஆட்கள் கம்போடு வந்து நின்ற நாளில்கூடச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக எதிரே போய் நின்றவள் அவள். மன்னார்குடிக்குத் தெற்கே இருந்த அந்தத் தெருவில், "காத்தாயி வாயத் தொறந்தா வாய்க்காத் தண்ணியே நின்னு கேக்கும்" என்பார்கள். அப்படிப்பட்டவள் காதோரம் ஒரு கொசு ரீங்காரமிட்டால் உடம்பு விதிர்க்கிறவளாக ஆனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மழையில்.

தெருவின் கொல்லையை ஒட்டினாற்போல ஒரு நிலம் கிடந்தது. பண்ணை நிலம் என்று பண்ணையில் சொன்னார்கள். உச்சவரம்புச் சட்டத்தில் போயிருக்க வேண்டிய நிலம், பினாமி பேரில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், உழுகிற எங்களுக்குத்தான் வர வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சொன்னார்கள். ஏர் பூட்டப் போன இடத்தில் கைகலப்பு ஆனது. காத்தாயியின் புருஷன் வீரையனைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கோர்ட்டு, தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டது.

தடை ஆளுக்குத்தான், மழைக்கு இல்லையே. கார்த்திகை பிறப்பதற்குள் நிலம் குளம்போல நிரம்பிவிட்டது. வடிகால் மண் மூடிக் கிடந்தது. அதில் மண்வெட்டி வைத்தால் 'நிலத்தில் இறங்கிவிட்டான்' என்று எதிர்த்தரப்பு கேஸ் கொடுக்கும். அதனால் இவர்களும் வெட்டவில்லை, அவர்களும் வெட்டவில்லை. கோரை முளைத்தது. கொக்கும் மடையானும் கூட்டமாக வந்து இறங்கின. டவுனிலிருந்து யாரோ ஓட்டி விட்ட பன்றிகள் வரப்போரச் சேற்றில் புரண்டன. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கமிருந்து கொசு புகை மாதிரி எழும்பி வரும். கொசுவை அப்போது யார் பொருட்படுத்தினார்கள்? வேப்பிலை மூட்டம் போட்டுவிட்டுத் தூங்கினார்கள்.

முதலில் விழுந்தது பக்கத்து வீட்டுத் தங்கமணியின் மகன். நேற்றுவரை நண்டு பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை. காய்ச்சல் என்று படுத்தான், வெட்டி வெட்டி இழுத்தது, கண் மேலே செருகியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கிவிட்டது. தங்கமணி அழக்கூட இல்லை. பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்து மேலக்கோடி வீட்டில் ஒரு பெண்பிள்ளை. அதன் பிறகு தெரு பழைய தெருவாக இல்லை. அம்மன் குற்றம் என்று சிலர் கூழ் ஊற்றினார்கள். ஆனால் வாய்க்கு வாய் பரவியது வேறு பேச்சு.

"கெணத்துல மருந்த கலந்துட்டானுவ. நெலத்துக்காவ நம்ம புள்ளைவள அறுக்குறானுவ."

காத்தாயி அதை நம்பினாள். ஆளோடு சேர்த்துக் குடிசையைக் கொளுத்திய கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நம்பாமல் என்ன செய்வாள்? பண்ணையின் வரவுசெலவும் வேலையாட்களையும் கவனிக்கும் காரியக்காரர் சாமிதுரை கிணற்றுப் பக்கம் நடந்ததை யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, ரோட்டோர அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். மகள் தேன்மொழியை வெளியே விடாமல் கொல்லைப்பக்கமே உட்கார்த்தி வைத்தாள். அங்கேதான் கண் பார்வையில் இருப்பாள் என்று நினைத்தாள்.

தேன்மொழி என்ற பெயர் ஒரு கட்சிக் கூட்டத்து மேடையில் வைத்தது. முழங்கால் உயரம் இருக்கும்போதே ஊர்வல கோஷம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. வாய் ஓயாமல் பேசுவாள்.

ஒரு காலையில் அவள் பேசவில்லை.

"தல வலிக்குதும்மா. வெளிச்சம் குத்துது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. கொடுத்த கஞ்சியை அப்படியே வாந்தி எடுத்தாள். மடியில் போடத் தூக்கியபோது கழுத்து வளையவில்லை, கட்டையாக நின்றது.

"யம்மாடி, இங்க பாரு. நான் யாரு? சொல்லு, நான் யாரு?"

பிள்ளை அவளைப் பார்த்தாள். தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

பூசாரியைக் கூப்பிட ஆள் போனது. காத்தாயி காத்திருக்கவில்லை. தங்கமணி மகனின் கால்கள் கண்ணுக்குள் நின்றன. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ்ஸில் ஒருமுறை இழுத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து விலகிக்கொண்டார்கள். மன்னார்குடி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றித் தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழி நெடுக அவள் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

வார்டில் கட்டிலுக்குக் கட்டில் பிள்ளைகள். சிலருக்கு மூக்கில் குழாய். சிலர் கண் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. தேன்மொழியை ஒரு கட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த கட்டிலின் காலடியில், தரையில், துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் காரியக்காரர் சாமிதுரை. கட்டிலில் அவருடைய பேரன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் இருந்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார், இல்லை இவள் காறித் துப்பியிருப்பாள். இங்கே இருவரும் அவரவர் பிள்ளையின் கட்டிலை விட்டு நகரவில்லை.

"உம் பொண்ணா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

அவரே தொடர்ந்தார். "நீங்கதான் எதையோ வச்சுட்டீங்கன்னு வீட்ல சொல்றாங்க, காத்தாயி. செய்வின. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"நாங்க உங்களத்தாங்க நெனச்சோம். கெணத்துல மருந்து போட்டீங்கன்னு."

அவர் கோபப்படவில்லை. "என் பேரனும் தெனம் அந்தக் கெணத்துத் தண்ணியா குடிக்கிறான்?" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வார்டு டாக்டர் சாவித்திரி சின்ன வயசுக்காரி, சரியாகத் தூங்காத கண்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டுப் பேசினாள்.

"இது மூளைக்காய்ச்சல். விஷமும் இல்ல, சாமி குத்தமும் இல்ல. கொசுக்கடியில வர்ற கிருமி. உங்க வீட்டுப் பக்கத்துல வயல் தண்ணி தேங்கி நிக்குதா?"

"நிக்குதுங்க" என்றாள் காத்தாயி. சாமிதுரை தரையைப் பார்த்தார்.

"கொக்கு, பன்னி?"

"எல்லாம் இருக்குதுங்க."

"அதுங்க உடம்புல இந்தக் கிருமி இருக்கும். அதுங்களக் கடிச்ச கொசு வந்து பிள்ளைங்களக் கடிக்குது. எத்தனையோ பேருக்கு ஒண்ணும் ஆகாது, சாதாரணக் காய்ச்சலோட போயிடும். எங்கயாவது ஒரு பிள்ளைக்குத்தான் மூளைக்கு ஏறும்."

"அதுக்கு மருந்து போடுங்கம்மா. ஒங்க கால்ல வேணாலும் விழறேன்."

டாக்டர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கிருமியக் கொல்ற மருந்து எங்கிட்ட இல்லம்மா. காய்ச்சல எறக்கலாம், வலிப்ப நிறுத்தலாம், மூச்சு நிக்காமப் பாத்துக்கலாம். மிச்சத்த அவ உடம்புதான் செய்யணும்."

பெரிய ஆஸ்பத்திரியிலேயே மருந்து இல்லை என்றதும்தான் காத்தாயிக்கு முழுப் பயம் வந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது. விஷம் வைத்தவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம், மண்ணை வாரித் தூற்றலாம். கொசுவை யாரிடம் போய்ச் சொல்வது? பிள்ளையைக் கொல்லைப்பக்கம், அந்தத் தண்ணீருக்கு நேரே உட்கார்த்தி வைத்தது அவள் கைதான். ஜன்னல் வழியாக ஒரு கொசு வந்து பிள்ளையின் புருவத்தில் உட்கார்ந்தது. காத்தாயி வெறி பிடித்தவள்போல அதைத் துரத்தினாள். பிறகு சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தாள். கை ஓய்ந்தால் மறுகை. விசிறல் அடுத்த கட்டிலுக்கும் பட்டது. சாமிதுரை பார்த்துவிட்டு எழுந்துபோய் இரண்டு கொசுவலை வாங்கி வந்தார். ஒன்றை இவள் கட்டிலில் கட்டினார்.

பேரன் பிழைக்கவில்லை. துணி சுற்றிய உடம்பைச் சாமிதுரை தானே தூக்கிக்கொண்டு நடந்தபோது, காத்தாயி கதவுவரை கூடப் போனாள். திரும்பி வந்து மகளின் மூக்கருகே மறுபடி விரலை வைத்தாள்.

தேன்மொழி பிழைத்தாள். காய்ச்சல் இறங்கியது, கண் ஆளைத் தேடியது. ஆனால் வலது கை துவண்டு தொங்கியது. பேச்சு போயிருந்தது. பசித்தால் முனகுவாள், அவ்வளவுதான். கையை நீவிவிடுவது எப்படி என்று சாவித்திரி டாக்டர் சொல்லிக் கொடுத்தாள். பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

பிள்ளையோடு ஊரில் வந்து இறங்கியபோது அந்தத் தண்ணீர் அப்படியே கிடந்தது, மேலே கொக்குகளோடு. தெருவே வந்து கூடிப் பிள்ளையைப் பார்த்து அழுதது. காத்தாயி அழவில்லை. வீட்டுக்குள் போய் மண்வெட்டியை எடுத்தாள்.

"அக்கா, வேணாம்" என்று தங்கமணி கையைப் பிடித்தாள். "வரப்புல கைய வச்சா அண்ணன் மேல இன்னொரு கேஸ் போடுவானுவ. சங்கத்துல கேட்டுக்க."

"கேட்டு வர்ற வரைக்கும் கொசு கேட்டுக்கிட்டா நிக்கும்? ஒன் ஊட்டுல இன்னொரு புள்ள கெடக்கே, அதப் பாரு."

நட்டநடுப் பகலில், எல்லோரும் பார்க்க, வடிகால் வாயில் போய் நின்றாள். புருஷன் இன்னும் ஜெயிலிலேயே கிடக்க நேருமோ, பண்ணை ஆட்கள் வந்து அடிப்பார்களோ என்ற பயம் ஒருபுறம். கணுக்காலைச் சுற்றும் கொசு மறுபுறம். முதல் வெட்டு விழுந்ததுமே பண்ணைக் காவல்காரன் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினான். அவன் கூட்டிக்கொண்டு வந்தது சாமிதுரையை. மழிக்காத தாடி, சட்டையில்லாத உடம்பு. துக்கத்தின் ஈரம் காயாத ஆள்.

காத்தாயி மண்வெட்டியைக் கீழே போடவில்லை. "அடிக்கிறதுன்னா அடிங்கய்யா. நெலத்துக்கு நான் எறங்கல. தண்ணியத்தான் வடிக்கிறேன்."

அவள் வெட்டிய இடத்தை அவர் குனிந்து பார்த்தார். "இங்க வெட்டுனா பாதிதான் வடியும். கெழக்க பள்ளம். அங்க பண்ண வயல் வழியா விட்டாத்தான் வாய்க்காலுக்குப் போவும்" என்றார். காவல்காரனிடம் திரும்பி, "போயி மம்பட்டி எடுத்தாடா" என்றார்.

"பண்ண ஐயாவுக்குத் தெரிஞ்சா..." என்று இழுத்தான் அவன்.

"தெரியட்டும்."

தண்ணீர் வடிய நாளாயிற்று. பண்ணையில் அவருக்கு ஏச்சு விழுந்தது, சங்கத்தில் இவளுக்கு விழுந்தது. வழக்கு அதன்பாட்டுக்கு நடந்தது. பன்றிகளை ஓட்டி விட்ட டவுன்காரனைத் தெருச்சனம் தேடிப் பிடித்து அவற்றை ஓட்டிப்போக வைத்தது. சுகாதாரத் துறைக்காரர்கள் மருந்து அடிக்க வந்தபோது, விஷம் என்று பயந்து முன்பு அவர்களை விரட்டிய தெருவே கதவைத் திறந்து விட்டது. ஜாமீனில் வந்த வீரையன், கோஷம் போட்டுத் திரிந்த மகள் தன்னைப் பார்த்து முனகியதைக் கண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தேன்மொழிக்குச் சொற்கள் ஒன்றொன்றாக வந்தன, பாதி மட்டும். கை திரும்பவில்லை. மறு ஐப்பசியில் முதல் மழை விழுந்த அன்றே காத்தாயி கொசுவலையை இறக்கிக் கட்டினாள். தெருவில் எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் முதலில் ஓடிப்போய்க் கழுத்தை வளைத்துப் பார்ப்பது அவள்தான். வளைந்துவிட்டால் அங்கேயே தரையில் உட்கார்ந்து, தன் மூச்சு சீராகும்வரை எழுந்திருக்க மாட்டாள்.