யோகட் பேணியில் அள்ளிய வெந்நீர்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், அதையும் பொறுத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

என் கணவர், இவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்த குளிர்காலம் முழுக்க, கனடாவில் மொன்ட்ரியால்-நோர் வீட்டை விட்டு நாங்கள் வெளியே போகவில்லை. அடுத்த கோடையில் மகள் லீவு எடுத்து, டோர்வல் எயார்போட்டில் பிளேன் ஏற்றி, அமெரிக்காவின் மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பிளேனில் தந்த பிஸ்கட் நல்ல ருசி, கொஞ்சம் கைப்பையில் மடித்து வைத்தேன். பிறகு கார். மலை ஏறி ஏறி, மரமே இல்லாத ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு. அவ்வளவு வானத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன், தூரத்தில் நிலத்திலிருந்து ஆவி எழும்புவதைக் காணும்வரை.

நான் திருகோணமலைக்காரி. அங்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. மற்றவர்கள் சுற்றுலா போவார்கள். எங்கள் குடும்பம் போனதெல்லாம் செத்தவருக்கு அந்தியேட்டிச் சடங்கு செய்துவிட்டுத் தலை முழுகத்தான். என்னைப் பெற்ற ஐயாவுக்குப் போனோம், பிறகு அண்ணனுக்கு. அப்படிப்பட்ட தண்ணீருக்கு உயிரோடிருக்கிற மனிதரை, அதுவும் நெஞ்சு வருத்தக்காரரைக் கூட்டிப் போகிறேனே என்று நினைத்தேன். வாய் திறந்து சொல்லவும் பயம்.

ஆவி வந்த வெந்நீர்க் குளத்தருகே ஒரு பலகை. எழுத்து எனக்கு உதவாது, படத்தைப் பார்ப்பேன். ஒரு இதயம், குறுக்கே சிவப்புக் கோடு.

“பிள்ளை, இதென்ன சொல்லுது?”

“இதய வருத்தக்காரர் டொக்டரிட்டக் கேட்டிட்டுத்தான் இறங்கோணுமாம், அம்மா.”

“கேட்டனியோ?”

மகள் போனை எடுத்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. இவர் அதற்குள் பட்டனை அவிழ்த்துச் சேட்டைக் கழற்றிவிட்டார்.

“இஞ்சாருங்கோ, சேட்டைப் போடுங்கோ.”

“டொக்டர் நடக்கச் சொன்னவர். குளிக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை.”

“கொதிதண்ணிக்க இருக்கச் சொன்னவரோ?”

“இவ்வளவு தூரம் வந்து ஆவி பிடிச்சிட்டுப் போகச் சொல்லுறீரோ?”

“அப்பா, அம்மா சொல்லுறது சரி. வேண்டாம்,” என்றாள் மகள்.

இவர் முகம் சுருங்கிவிட்டது. குளிர்காலம் முழுவதும் கட்டிலில் நான் பார்த்த முகம். அதைத் திரும்பப் பார்க்கவும் எனக்குப் பயம்.

அப்போதுதான் நினைவு வந்தது. கன்னியாவில் நாங்கள் யாரும் தண்ணீருக்குள் இறங்கியதில்லை. கிணறுகள் சின்னவை, வாளியால் அள்ளித்தான் ஊற்றுவோம். காரில், தயிர் முடிந்தபின் புட்டு அடைத்து வந்த பெரிய யோகட் பேணி இருந்தது. மிச்சப் புட்டை மகளின் கையில் தட்டிவிட்டு, பேணியைக் கழுவி, இவரைக் கரையில் ஒரு கல்லில் இருத்தினேன். கழுத்தளவு தண்ணீரில் கிடந்த வெள்ளைக்காரர் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அள்ளி, கொஞ்சம் ஆறவிட்டு, முதலில் காலுக்கு, பிறகு முழங்காலுக்கு, முதுகுக்கு. ஒவ்வொரு பேணிக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நெஞ்சு என்ன செய்யுது?”

“நெஞ்சு சும்மா கிடக்குது. தலைக்கும் ஊத்தும்.”

“தலைக்கு மாட்டன்.”

“ஏன்?”

அடுத்த பேணியையும் முதுகுக்கே ஊற்றினேன். செத்தவீட்டு முழுக்குத்தான் தலைக்கு என்று அவருக்கும் தெரியும், அண்ணனுக்கு முழுகிய அன்று பக்கத்தில் நின்றவர். பிறகு பேணியை என் கையிலிருந்து பறித்து, நிறைய அள்ளி, என் தலையில் கவிழ்த்தார். கொண்டை, சட்டை, கைப்பைக்குள் இருந்த பிஸ்கட், எல்லாம் ஈரம்.

“விசரே உங்களுக்கு?”

“செத்தவீடு இல்லாமலும் முழுகலாம்,” என்றார்.

குளிர்காலத்தில் சேட்டுப் போடுவதற்குக்கூட நான் பிடித்துத் தூக்க வேண்டியிருந்த கை அது. என் தலைக்கு மேலே போய் வந்ததைக் கண்டேன். சந்தோஷம் வந்தது. பயம் போகவில்லை.

திரும்பும்போது காரில் குறட்டை விட்டுத் தூங்கினார். வீட்டிலென்றால் குறட்டைக்காகத் தட்டி எழுப்புவேன். அன்றைக்குக் குறட்டை நின்றபோதெல்லாம் தட்டினேன்.

“இருக்கிறன், விடும்,” என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.